பவுலின் வாங்கிய நன்மை

ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றி அக்காவின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஜோசஃபின் சட்டென்று நிறுத்தினாள். பவுலினின் நாக்குக்கு அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பல்லோ என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். நேற்று மாலை பங்குச் சாமியார் கொடுத்த நன்மை. ஆண்டவரின் உடலாக நாவில் வைக்கும் அப்பத்தில் நகக்கண் அளவு கிள்ளிய துணுக்கு, கரையாமல் அப்படியே இருந்தது.

தொண்டையில் கட்டி வந்து படுத்தது முதல் பவுலினுக்குக் கஞ்சித்தண்ணீர்கூட ஒழுங்காக இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் ஓங்கரித்துவிடுவாள் என்பதால் நன்மை கொடுக்கச் சாமியார் மாதக்கணக்கில் தயங்கினார். வலிக்காக அழாதவள் அதற்காக அழுதாள். நடமாட முடிந்தவரை வேளாங்கண்ணிக்குப் போய்வந்தாள். ரயிலில் கழுத்தைச் சேலையால் போர்த்திக்கொண்டு, யாரும் பார்த்துவிடாதபடி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருப்பாள். வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு முன் நின்று பாடம் சொன்னவள், கடைசியில் அறைக் கண்ணாடியைக்கூடத் திருப்பி வைக்கச் சொன்னாள்.

இனி நாளில்லை என்று தெரிந்ததும் சாமியார் நேற்று துணிந்து கொடுத்தார். பவுலின் வாயை மூடிக்கொண்டு தலையசைத்தாள். விடிகிற நேரத்தில் போய்விட்டாள்.

குளிப்பாட்ட உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அல்போன்சா எட்டிப் பார்த்தாள். வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டாள்.

"புதுமைடி ஜோசஃபின், அற்புதம். ராத்திரி பூரா கரையலியே."

இத்தாலியில் ஏதோ ஓர் ஊரில் அப்பம் மாமிசமாக மாறி, தலைமுறை தலைமுறையாக அழியாமல் இருக்கிறது என்று கன்னியாஸ்திரிகள் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்கக் கப்பலேறிப் போகிறார்களாம். இனி இந்த ஜோகுபாளையத்துக்கும் மெழுகுத்திரி ஏந்தி ஜனம் நடந்து வரும் என்றாள். தொடாதே, சாமியாரைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினாள். போகிற வழியெல்லாம் அவள் குரல் கேட்டது.

ஜோசஃபின் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று மாலையிலிருந்து கரண்டித் தண்ணீரைக்கூடப் பவுலின் கையால் தள்ளிவிட்டது ஏன் என்று இப்போது புரிந்தது. விழுங்கினால் வெளியே வந்துவிடும். அதற்குப் பயந்து, வறண்ட வாயில், நாக்குக்கு அடியில் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்திருக்கிறாள். நா வறட்சியோடு ஓர் இரவு முழுவதும்.

வாசலில் பெண்கள் கூடும் சத்தம் கேட்டது. இன்னும் சற்று நேரத்தில் உள்ளே வருவார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைத் திறந்து திறந்து பார்ப்பார்கள்.

தியோடரை அவருடைய புராட்டஸ்டண்ட் கோவிலில் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஜோசஃபினுக்குக் கத்தோலிக்கக் கோவிலில் நன்மை கிடையாது. பூசைக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அப்பத்தைக் கையால் தொடுவதே பாவம் என்று படித்து வளர்ந்தவள். அவள் கதவைச் சாத்தினாள். அக்காவின் நாக்கை மெல்லத் தூக்கி, துணுக்கை இரண்டு விரலால் எடுத்துத் தன் நாவில் வைத்தாள். மருந்துக் கசப்பு இருந்தது. விழுங்கினாள்.

சாமியார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார்.

"நன்மை எங்கேம்மா?"

"நான் வாங்கிக்கிட்டேன் சாமி."

அவர் பவுலினின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லாரும் வந்து அவ வாயைத் திறந்து பாப்பாங்க. அவளுக்கு அது தாங்காது."

அவர் பவுலினைப் பார்த்தார். பிறகு, நெடுநேரம், ஜோசஃபினைப் பார்த்தார். ஒரு தம்ளரும் கொஞ்சம் தண்ணீரும் கேட்டார். எந்த விரல்கள் என்று கேட்டு, அவற்றைத் தம்ளருக்கு மேல் நீட்டச் சொல்லி, ஒரு துகளும் வீணாகாதபடி தாமே நீர் ஊற்றிக் கழுவினார்.

"குடிச்சிடும்மா" என்றார்.

அவள் குடித்தாள்.

வெளியிலிருந்து அல்போன்சா கூப்பிட்டாள். கதவைத் திறக்காமலே சாமியார் பதில் சொன்னார்: "ஆண்டவர் போகவேண்டிய இடத்துக்குப் போயிட்டாரு. எல்லாரும் செபமாலை சொல்லுங்க."

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு தயக்கத்தோடு ஒரு குரல் தொடங்க, மற்றவை சேர்ந்துகொண்டன.

வாய் திறக்காதபடி நாடி கட்ட வெள்ளைத்துணி ஒன்றைக் கிழித்தாள் ஜோசஃபின். மோவாய்க்கு அடியில் கொடுத்து உச்சிக்குக் கொண்டுவந்தபோது முடிச்சு நழுவியது. சாமியார் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவள் மறுமுனையை இழுத்துக் கட்டினாள்.