மாமா போட்ட கோடு

1

இந்தக் கதை ஒரு வீங்கிய மணிக்கட்டிலிருந்து வந்தது. 1974இல் தூத்துக்குடியில், டீக்கடைப் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் இடது கையால் கிளாசைப் பிடித்திருந்தார். வலது மணிக்கட்டில் கட்டு. "காரு ஹேண்டில் திருப்பி அடிச்சிட்டு" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் மேற்கொண்டு சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். கேட்காததால் உங்கள் தலையில் ஒரு கதை.

2

முதல் தொடக்கம்: பெட்ரோல் விலை ஏறிய அந்த ஆண்டில், மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான ஆதி உறவானது

(வேண்டாம். அவர் ஆதி உறவைப் பற்றியெல்லாம் யோசிக்கிறவராகத் தெரியவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: எபனேசர் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் மேனேஜர். அவருடைய மனைவி ஜெபகனிக்கு அப்பாவின் நினைவாக மிஞ்சியது ஒரு நான்கு சிலிண்டர் ஆஸ்டின் கார், முப்பத்தெட்டாம் வருஷத்து மாடல். ஷெட்டில் பல வருஷமாகத் தூங்கிய வண்டி. ஜெபகனியின் தம்பி ஹென்றிக்கு உப்பளம் இருந்தது. தண்ணீர் இறைக்க ஓர் எஞ்சின் தேவைப்பட்டது. கடைசியில் குடும்பத்தில் ஒரு பேச்சு முடிவாயிற்று. நாசரேத் ஊர்ச் சர்ச்சில் எல்லோருக்கும் சாப்பாடு போடும் அசனப் பண்டிகைக்கு வண்டி தானாக ஓடிப் போய்ச் சேர்ந்தால் அக்காவுக்கு. இல்லையென்றால் எஞ்சின் உப்பளத்துக்கு.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினால் பிளக்கில் தீப்பொறி முந்தும். மறுபக்கம் திருப்பினால் பிந்தும். சரியான இடம் இதுதான் என்று மாமனார் அங்கே அரத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார். எபனேசருக்கு அது போதும். அந்தக் காலத்து எஞ்சினுக்கு அந்தக் காலத்து அளவு. டவுன் மெக்கானிக்குகளை அவர் ஷெட்டுக்குள் விடவில்லை. ஊரெல்லாம் தேடி, முத்துக்குளிப்புக் காலத்தில் லாஞ்சு ஓட்டிய இனிகோவை அழைத்து வந்தார்.

இனிகோ வண்டியின் முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒரு தரம் சுழற்றிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தீ ரொம்ப முந்துது. ஹேண்டில் போடுறவன் கைய திருப்பி அடிக்கும். கொஞ்சம் பின்ன தள்ளுவோமா?"

"கோட்டத் தொடாதயும் ஓய். மத்ததெல்லாம் பாரும்."

"மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு!"

"அப்ப அதையே திரும்பப் பாரும்."

இனிகோ கார்புரேட்டரைக் கழுவினார். பிளக்கைத் தேய்த்தார். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். பிறகு எபனேசரே ஹேண்டில் போட்டார். எஞ்சின் ஒரு தரம் இருமி, ஹேண்டிலைத் திருப்பி அடித்தது. மணிக்கட்டு வீங்கியது.

"அத்தான், இது உங்களக் கண்டா அடிக்கி" என்றான் ஹென்றி. "உப்பளத்துக்கு வந்தா எங்கூட மரியாதையா இருக்கும்."

டீ கொண்டுவந்த ஜெபகனி சொன்னாள்: "கோட்டத் தொட மாட்டீய. அப்ப உடன்குடிக்கு ஆளனுப்பி ஒரு மூட தேங்கா செரட்டைக்கரி வாங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.*

* எனக்கு மிகவும் பிடித்த வரி. சலித்துப்போன மனைவியின் குத்தல் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

4

ஜெபகனி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வண்டி அவள் அப்பாவுடையது. கதையில் அவளுக்கு ஒரு டம்ளரும் ஒரு கிண்டலும்தானா? சில நாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவளும் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்:

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல. உலகச் சண்ட நேரத்துல பெட்ரோல் கெடைக்காது. அப்பா வண்டிக்குப் பின்னால டிரம்ம மாட்டி, செரட்டைக்கரி போட்டு, அந்தப் புகையிலதான் ஓட்டுனாக. கரி அள்ளிப் போட்டது நான். புகை மெதுவாத்தான் பிடிக்கும், தீய முன்னாடியே வைக்கணும்னு இழுத்த கோடு அது. பெட்ரோலுக்கு இல்ல."

"நான் அப்ப எங்கக்கா இருந்தேன்?" என்றான் ஹென்றி.

"தொட்டில்ல. அப்பவும் கத்திக்கிட்டுதான் கெடந்த."

எபனேசர் அந்தக் காலத்து அறிவைத் தேடினார். அது அவர் கையிலேயே, அந்தக் கோட்டிலேயே இருந்தது. பெட்ரோல் பஞ்சத்துக்குச் செய்த சமாளிப்பு அது, அவ்வளவுதான். நாமும் இப்படி எத்தனை சமாளிப்புகளை வேதமாக

(பிரசங்கம் வேண்டாம். நானும்தான் அந்த வரியைக் கேட்டுச் சிரித்தேன்.)

5

முதல் முடிவு: எபனேசர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கோட்டிலிருந்து நகர்த்துகிறார். வண்டி நாசரேத் போகிறது. அசனச் சாப்பாடு. நம்ப முடியவில்லை, தலைமை ஆபீசிலிருந்து வந்த பிழையைக்கூட அவர் திருத்த மாட்டார்.

இரண்டாம் முடிவு: கோட்டை மாற்றுவதற்குப் பதில் காரை மாற்றுகிறார். டிரம் மாட்டி, முகமெல்லாம் கரியோடு நாசரேத் போய்ச் சேரும்போது அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவர் குணத்துக்கு இதுதான் பொருந்தும். ஆனால் ஜெபகனி, "இனி நான் கரி அள்ள மாட்டேன்" என்றுவிட்டாள்.

ஆக, அசனத்தன்று காலை. எபனேசர் போல்ட்டைத் தளர்த்திவிட்டார். இடது கை டிஸ்ட்ரிபியூட்டர் மேல்.

"மாமா போட்டதுளா, ஜெபகனி" என்கிறார்.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் போய் ஹேண்டிலைப் பிடிக்கிறாள். "இந்தத் தடவ நான் போடுதேன். எங்க வைக்கணுமோ அங்கன வச்சிக்கிடுங்க."

இனிகோ அவள் மணிக்கட்டைப் பார்க்கிறார். ஹென்றி சிரிக்கவில்லை.

எனக்கு இதற்கு மேல் எழுதத் துணிவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். கோடு மாமாவுடையது. மணிக்கட்டு அவளுடையது. சீக்கிரம், அவள் குனிந்துவிட்டாள்.