பால் பெட்டியின் மூன்றாம் பக்கம்

ஈஸ்டர் சமயத்தில் பால் வரும் அட்டைப் பெட்டியில் கொலைக்கதை அச்சாகாவிட்டால் நார்வேயில் பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. இந்த வருஷம் அதை எழுதும் வாய்ப்பு சுன்னிவாவுக்கு வந்திருந்தது. பெட்டிக்கு நாலு பக்கம், கதைக்கும் நாலு பக்கம். பால் கம்பெனியில் கதைகளைப் பார்க்கிற ஹெர்டிஸ் ஒரே ஒரு சோதனைதான் வைத்திருந்தாள்: ரொட்டி தின்கிறவர் கை தானாகப் பெட்டியைத் திருப்ப வேண்டும். சுன்னிவா அனுப்பிய கதைக்கு அவள் கை திருப்பவில்லையாம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் வேறு மாதிரி வராவிட்டால் போன வருஷம் எழுதியவரிடமே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

அன்று வியாழன். பிப்ரவரி விடுமுறைக்கு அண்ணன் ஔடுன் குடும்பத்தோடு மலைக்குடிலுக்கு வந்திருந்தாள் சுன்னிவா. கதையைத் தாளில் எழுதி, பால் பெட்டியைச் சுற்றி ஒட்டி, அண்ணன் முன்னால் வைத்தாள். அவன் முதல் பக்கத்தைப் படித்தான், ரொட்டியில் பழுப்புச் சீஸை வைத்தான், பிறகு எழுந்து கையுறை தேடப் போய்விட்டான்.

கதை இதுதான். பனிச்சறுக்குப் பாதையைக் காட்ட நட்டிருக்கும் கம்புகளை யாரோ பிடுங்கி, பனிக்கட்டி மெலிந்த ஏரிப் பக்கம் மாற்றி நட்டுவிடுகிறார்கள். அதை நம்பிப் போன ஒருவர் ஏரிக்குள் போய்விடுகிறார். போலீஸ்காரர் வந்து விசாரிக்கிறார். மிச்சத்தையும் படிக்கவைத்து, என்ன குறை என்று சுன்னிவா விடாமல் கேட்டதில் அண்ணன் வாயைத் திறந்தான்.

"போலீஸ் வரும்போதே ஆள் செத்தாச்சு. அப்புறம் நான் யாருக்காகடி பயப்படணும்? ரெண்டாம் பக்கத்துல செத்தவன் பொண்டாட்டி மனசுக்குள்ள இருக்கேன், மூணாம் பக்கத்துல நாய் மனசுக்குள்ள இருக்கேன். எங்கயாவது ஒரு எடத்துல என்னை உக்கார விடேன்."

"நாய் நல்லா வந்திருக்குன்னு இப்பத்தான நீ சொன்ன?"

"நாய் நல்லாத்தான் இருக்கு. அதை வெச்சுக் குழந்தைங்களுக்கு ஒண்ணு எழுது."

கோபத்தில் சறுக்குக்கட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பாதையோரக் கம்புகளில் காற்றடிக்கிற பக்கமெல்லாம் விரல் தடிமனுக்கு உறைபனி படிந்திருந்தது. அண்ணனை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒரு வெறுங்கம்பைக் கடந்தாள். பத்தடி தள்ளித்தான் அது உறைத்தது. அந்தக் கம்பில் பனியே இல்லை. அப்படியென்றால் அது இன்றைக்கு நட்டது. தன் கதையில் வருவதுபோல யாரோ மாற்றி நட்டதாக இருந்தால்?

திரும்பிப் போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. விழுந்துகிடந்த பழைய கம்புக்குப் பதிலாகப் பாதைக்காரர்கள் புதிதாக நட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்தடி! அந்தப் பத்தடிதான் கதை. அதற்குப் போலீஸ்காரர் எதற்கு? ஏரியை நோக்கிப் போகிறவள் கண்ணுக்குள்ளேயே வாசகரை உட்காரவைத்தால் போதும். அவள் வெறுங்கம்பைப் பார்ப்பாள், ஆனால் நினைப்பு வேறெங்கோ இருக்கும். இந்த மலையில் ஒரு குளிர்காலம் சறுக்கியவர்களுக்குக்கூட அவளுக்கு முன்பே விஷயம் புரிந்துவிடும்.

சாயங்காலம்வரை எழுதினாள். போலீஸ்காரர் போனார். நாயும் போனது. நாய்க்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஔடுனிடம் காட்டிப் பயனில்லை, அவனுக்குக் கதை தெரியும். அவன் மனைவி எல்ட்ரிட் இருந்தாள். கொலைக்கதை படிப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று சொல்கிறவள். ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டியபடி காபிக்குப் பால் ஊற்ற வந்தாள். கண் பெட்டியில் ஒட்டியிருந்த புதுத் தாளில் விழுந்தது.

'கம்பில் உறைபனி இல்லை. மார்த்தே அதைப் பார்த்தாள். நாத்தனார் சொன்ன வார்த்தையை இன்னொரு தடவை நினைத்துக்கொண்டு அடுத்த கம்பை நோக்கிப் போனாள்.'

எல்ட்ரிட்டின் கை பெட்டியைத் திருப்பியது. வெளியிலிருந்து ஔடுன் சன்னலைத் தட்டினான், வெயில் போய்விடுமாம்.

"இரு வரேன். இவ இன்னும் ஏரி மேலதான் நிக்கிறா." சுன்னிவாவை நிமிர்ந்து பார்த்தாள். "கம்புல பனியே இல்லையே, இவ என்ன கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறாளா?"

பதிலுக்கு எல்ட்ரிட் காத்திருக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருக்க, பெட்டியை மறுபடி திருப்பினாள்.

குடிலில் சிக்னல் கிடையாது. சுன்னிவா பின்னாலிருக்கும் மேட்டில் ஏறிக் கதையை அனுப்பினாள். பதினொன்றரைக்கு ஹெர்டிஸிடமிருந்து பதில் வந்தது. கை திருப்பியதாம், எடுத்துக்கொள்கிறாளாம். ஆனால் மூன்றாம் பக்கம் இரண்டு வரி அதிகம், அச்சுக்குப் போகுமுன் வெட்டித் தரவேண்டும்.

பனியில் நின்றபடியே படித்தாள். மார்த்தேயின் வரிகளில் ஒன்றும் கூடுதலாகத் தெரியவில்லை. நடுவில் இரண்டு வரி இருந்தது. கம்பை மாற்றியவர் தூரத்துச் சன்னலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்தார் என்பது. முழுக் கதையிலும் சுன்னிவா அதிகம் இழைத்த வரிகள் அவைதான். அழகாகவும் இருந்தன.

ஆனால் மார்த்தே நிற்கும் இடத்திலிருந்து அந்தச் சன்னல் தெரியாது.

கையுறையைக் கழற்றி, இரண்டு வரியையும் அழித்தாள்.