வந்தவர்கள் பதினொரு பேர்

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகன், மருமகள், என் தங்கை, அவள் கணவர், எதிர்வீட்டுத் தையல்காரர், மருந்துக்கடைக்காரர், தம்பியோடு தபால் நிலையத்தில் வேலை பார்த்த மூவர். தம்பி ஓய்வு பெற்ற நாள். தேநீர் மட்டும்தான். ஆனாலும் ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற உத்தரவு இருந்தது.

என் மகள் அங்கே இல்லை. சுகாதாரத் துறையில் நோய்ப் பரவலைக் கணிப்பவள் அவள்; அலுவலக விடுதியிலேயே தங்கியிருந்தாள். யார் வீட்டுக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று தெரிந்தால், நோய் எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று கோடு வரைந்துவிடுவாள்.

அதற்கான படிவம் மறுநாளே எங்கள் தெருவுக்கும் வந்தது. முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். ஒரு கடையிலும் கள்ள எடைக்கல்லை விட்டுவைத்ததில்லை. என் வீட்டில் உத்தரவு மீறப்பட்டது என்று என் கையாலேயே எழுதுவதா? 'வந்தவர்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

தையல்காரர் தன் படிவத்தோடு வந்தார்.

"ஐயா என்ன எழுதினீங்க?"

"யாரும் வரலைன்னு."

"அப்போ நானும் உங்க வீட்டுக்கு வரல. வராத வீட்டுல ரெண்டு டீ குடிச்சிருக்கேன், பாருங்க."

சிரித்துக்கொண்டே அவரும் பூஜ்யம் போட்டார். அவரைப் பார்த்துத் தெருவே போட்டது.

மகளின் கோட்டில் எங்கள் தெரு தாழ்ந்தே கிடந்தது. பரிசோதனை வண்டி வேறு தெருக்களுக்குப் போனது. பத்தாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"எதுக்குண்ணே? நம்ம பொண்ணு போட்ட கோடு. நம்ம தெருவுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. இது சாதாரணக் காய்ச்சல்."

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. காய்ச்சல் வந்த ஆறாம் நாள் தம்பி போய்விட்டான்.

"உன் கணக்குல உங்க சித்தப்பா இல்லையாம்மா?" என்று சாவுக்கு வந்திருந்த மகளிடம் தம்பி மனைவி கேட்டாள். பிறகு மகள் எங்கள் வீட்டில் மூன்று நாள் கணினி முன்னால் உட்கார்ந்து தன் தவற்றைத் தேடினாள். சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே திரும்பியது. என் படிவத்தை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை. நான்காம் நாள் வாசற்படியில் நின்று சொன்னேன்.

"பதினொண்ணும்மா."

"என்னப்பா பதினொண்ணு?"

"அன்னிக்கு வந்தவங்க."

என்னை நிமிர்ந்து பார்க்காமல் எண்ணை மாற்றினாள். கோடு எழுந்து, தம்பி படுத்த வாரத்தில் போய் நின்றது.

"இது நம்மளோட இருக்கட்டும்பா," என்றாள். துறையில் பழியை அவளே ஏற்றுக்கொண்டாள். அந்தப் பிரிவிலிருந்து அவளை மாற்றிவிட்டார்கள்.

இப்போது உறவிலும் தெருவிலும் ஒரு பேச்சு உலவுகிறது: மகள் கணக்கைத் தப்பாகப் போட்டாள், சித்தப்பா செத்தார் என்று. அது பொய். அவள் கணக்கில் தப்பில்லை. அன்று என் வீட்டுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். யாரும் வரவில்லை என்று எழுதியவன் நான்.