பெரிய மாமாவின் பிஸ்கட்

பெரிய மாமா உள்ளே நுழைந்தால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும் என்பார் என் கணவர். என் மாமனாரின் அண்ணன் அவர். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அன்று வந்தவர், என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த முயல் கூண்டுக்கு நேராகப் போனார். கையில் கிரீம் பிஸ்கட்.

“வேண்டாம் மாமா. போன மாசம் நீங்க குடுத்ததைத் தின்னுட்டு வயிறு உப்பிப் படுத்துட்டான். புழுக்கைகூடப் போடலை. டாக்டர்தான் காப்பாத்தினாரு. அவனுக்குக் காய்ஞ்ச புல்லுதான் சாப்பாடு. கூடக் கொஞ்சம் கீரை, தண்ணி.”

“ஒரு பிஸ்கட்ல செத்தா போயிடும்? எனக்கே பாடம் எடுக்கிறியா?”

கணவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். மாமா கம்பிக்கிடையே பிஸ்கட்டை நீட்டினார். முயலும் மூக்கை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் எட்டிப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். மென்று முழுங்கினேன். பிறகு ஒரு பிடி புல்லை அவரிடம் நீட்டினேன்.

“பாசமா குடுக்கணும்னா இதைக் குடுங்க. இல்லன்னா கூண்டுப் பக்கம் வராதீங்க.”

“இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“ஓடிப்போய் மன்னிப்புக் கேளு” என்றார் கணவர்.

“மாட்டேன்.”

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மாமியார் எழுந்து வந்து, என் கையிலிருந்த புல்லை வாங்கிக் கூண்டுக்குள் போட்டார்.

“போறவரு போகட்டும். கீரையை எங்கே வெச்சிருக்கே?” என்றார்.