நடந்து போகிற தூரம்

வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தால் போதும். எங்களுக்கு இரண்டு வேண்டும். அதுவும் ஒரே பகுதியில், ஒரு பிள்ளை தனியாக நடந்து போகிற தூரத்தில். எனக்கும் என் மகளின் அப்பாவுக்கும் ஒத்துவராது என்று கோர்ட்டே முத்திரை குத்திக் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் சேர்ந்தே வீடு பார்க்கக் கிளம்பினோம். பார்க்கிறவர்கள் எங்களைப் போல ஒற்றுமையான குடும்பம் உண்டா என்று கண் வைத்திருப்பார்கள்.

மகளுக்குப் பத்து வயது. வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி போடுவாள், பதில் சொன்னால் அந்தப் பதிலின் மேல் இன்னொன்று. நிஜ வக்கீல்களையே நான் சமாளித்துவிட்டேன், இவளிடம்தான் ஒவ்வொரு வழக்கிலும் தோற்கிறேன்.

அவள் அப்பா ரயில் ஓட்டுகிறவர். பிரிந்ததிலிருந்து ஒரு நண்பருடைய அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார். நான் செயற்கைப் பல் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். நானும் மகளும் இருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் எனக்கும் அவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு அமைந்தால் வக்கீல் இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருப்பாள். அமையாவிட்டால் அவருக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் தயாராக இருக்கிறது. பள்ளிக்கூடமும் அங்கிருந்து கிட்டத்தில். அவள் அங்கே போய்விடுவாள், எனக்குச் சனிக்கிழமை மட்டும். வாரத்துக்கு ஒரு நாள் அம்மா. அவர் சிரிக்க வைக்கிற ஆள், நான் பல் தேய்த்தாயா என்று கேட்கிற ஆள். பிள்ளை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

அதனால்தான் அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்ததும் வராததுமாக, அப்பா என்ன சொன்னார், என்ன வாங்கிக் கொடுத்தார், என்னைப் பற்றி ஏதாவது பேச்சு வந்ததா என்று கேட்டுவிடுவேன். பெற்றவள் கேட்காமல் தெருவில் போகிறவளா கேட்பாள்?

எங்களுக்கு வாய்த்த தரகர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்துக்கொண்டால் என்ன, கோபதாபம் இல்லாத வீடு எது, குழந்தை முகத்தைப் பாருங்கள் என்று வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஆரம்பித்துவிடுவார். இரண்டு கமிஷன் வருகிற இடத்தில் ஒன்றே போதும் என்று வாதாடிய தரகர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். கடைசியில் நான்தான் சொன்னேன்: "அண்ணே, ஆளுக்கொரு ரூம்லதான் அண்ணே கடைசி நாலு வருஷமும் இருந்தோம்." அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நானும் மகளின் அப்பாவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்ப்போம். வக்கீல் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுடைய விசாரணை தெருவில். யாரையாவது நிறுத்தி, ஒட்டகத் தெருவுக்கு எப்படிப் போகணும் என்று கேட்பாள். அப்படி ஒரு தெரு இந்த ஊரிலேயே கிடையாது. அது கிடையாதென்று தெரிந்துதான் கேட்பாள். இல்லாத தெருவுக்கு ஒருத்தர் எப்படி வழி சொல்கிறார் என்பதை வைத்து அந்த இடத்தை எடை போட்டுவிடலாமாம்.

முதலில் பார்த்தது வானத்தைத் தொடுகிற அடுக்குமாடிகள். லிப்டுக்குள் செண்டு வாசனை, கண்ணாடியில் நம் முகம், நடைபாதையில் ஈ காக்கை இல்லை. வக்கீல் வழி கேட்டபோது காவலாளி கூண்டைவிட்டு வெளியே வராமல் கூடப் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டார். காதில் இயர்போன் மாட்டியிருந்த ஒரு பெண் நிற்காமலே தன் செல்போனைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனாள். அவள் அப்பாவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. அமைதியாக இருக்கிறது, தூங்கலாம் என்றார். இங்கே யாருக்கும் யாரைப் பற்றியும் தெரிந்துகொள்ள ஆசையே இல்லை என்று வக்கீல் தீர்ப்பெழுதிவிட்டாள்.

அடுத்தது சந்தைப் பக்கம். பூட்டுக் கடை, கயிற்றுக் கடை, துணிக்கடைக்குத் தலையில்லாத பொம்மைகள் விற்கிற கடை. எனக்கு ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒட்டகத் தெருவுக்கு அங்கே மூன்று பேர் மூன்று திசையில் வழி சொன்னார்கள். ஒருவர் தன் கொழுந்தியாள் அந்தத் தெருவில்தான் இருக்கிறாள் என்று சத்தியமே செய்தார். வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் காட்டிய வீட்டின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் லாரிகள் சரக்கு இறக்கின. விடியும் முன் ரயில் எடுக்கிறவர் அங்கே கண் மூட முடியுமா? எனக்கு அவர் மேல் ஆயிரம் கோபம் இருக்கலாம், அவருடைய ரயிலில் வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

மாதம் முடியப் போகிற சமயத்தில்தான் மேட்டுத் தெரு அகப்பட்டது. ஏற்றமான தெரு, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள். கண்ணாடி வெட்டுகிற கடை, காகிதப்பை செய்கிற கடை, நடுவில் இயந்திரங்கள் வைத்த சலவைக் கடை. கண்ணாடிக் கடை அம்மாளிடம் வக்கீல் வழி கேட்டாள். அவர் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தார். அப்படி ஒரு தெரு இங்கே இல்லையே கண்ணு, நீ யாரைப் பார்க்கணும், பெயரைச் சொல்லு என்றார். வக்கீல் சும்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு பதிலின் மேல் இன்னொரு கேள்வி போடாமல் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வண்டிக்குத் திரும்பும்போது, இங்கே சரிப்படும் என்றாள்.

கண்ணாடிக் கடை மாடியில் அவருக்கு ஒரு வீடு. தெருவின் மறுமுனையில் திரும்பினால் எனக்கு ஒன்று. கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம் என்று சொல்லலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்று அவரும் நானும் ஒரே குரலில் சொன்னோம், கல்யாணத்துக்குப் பிறகு ஒத்துப்போன முதல் விஷயம் அது.

வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா வீட்டிலிருந்து என் வீட்டுக்கு ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வாளாம். யாரும் பின்னால் வரக் கூடாதாம்.

அவளை அவரோடு மாடி வீட்டில் விட்டுவிட்டு நான் என் காலி வீட்டில் வந்து நின்றேன். சுவரில் புதுப் பெயிண்ட் வாசனை. எந்த மூலையில் அவள் மேஜையைப் போடுவது என்று யோசித்தேன். சமையலறை அலமாரிகளைத் திறந்து மூடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் வரவில்லை. மறுபடி பார்த்தேன். ஒரு தெருவும் ஒரு திருப்பமும்தான், நொண்டி நொண்டி வந்தாலும் வந்திருக்க வேண்டும். அவருக்குப் போன் போட்டேன். அப்பவே கிளம்பிட்டாளே என்றார். கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அவரும் ஓடி வந்தார். சலவைக் கடை வாசலில் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றோம். உள்ளே பெஞ்சில் வக்கீல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இயந்திரத்தில் யாருடைய துணியோ சுற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிர் திரும்பி வந்ததும் எனக்கு வாயும் திரும்பி வந்துவிட்டது. அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பிள்ளையை அனுப்பினால் வாசலில் நின்று பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். நீ மட்டும் தெருமுனைக்கு வந்து நின்றாயா என்று அவர் கேட்டார். கோபத்திலும் நான் அவருக்கு மரியாதை குறைக்க மாட்டேன். நீங்க, வாங்க, போங்க என்று சொல்லிக்கொண்டே கிழித்துத் தோரணம் கட்ட எனக்குத் தெரியும். கடைக்காரப் பெண் போர்வையைப் பாதி மடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வக்கீல் வெளியே வந்தாள்.

"நான் ஒண்ணும் தொலைஞ்சு போகலை. மெதுவா வந்தேன்."

ஏன் மெதுவாக வந்தாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தாள்.

"அங்க வந்தா நீ, அப்பா என்ன சொன்னார்னு கேப்ப. அந்தப் பக்கம் போனா அப்பா, அம்மா என்ன சொன்னான்னு கேப்பார். நடுவுல மட்டும்தான் யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அந்த நடு சீக்கிரம் முடிஞ்சிடுதும்மா." கொஞ்சம் தயங்கினாள். "வீட்டை இன்னும் கொஞ்சம் தூரமாப் பாக்கலாமா? நடக்கிற தூரம்தான். ஆனா தூரமா."

அவரும் கேட்பார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் முகம் செத்திருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது, அதைவிட வலித்தது. நடுத்தெருவில் அழுகிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு அழுதேன்.

தான் தள்ளிப் போவதாக அவர் சொன்னார். வேண்டாம், விடியும் முன் எழுகிறவருக்கு மாடி வீடுதான் வசதி என்று நான் சொன்னேன். தரகருக்குப் போன் போட்டு, ஏற்றத்துக்குக் கீழே, அங்கே இருக்கிற பூங்காவையும் தாண்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். நல்ல புத்தி வந்து ஒரே வீடாக எடுக்கப் போகிறோம் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது, மனிதர் இடிந்து போய்விட்டார். இருந்தாலும் தேடிக் கொடுத்தார். சமையலறை சின்னது, அலமாரிக்குக் கதவு கிடையாது. எடுத்துக்கொண்டேன்.

குடிவந்த பிறகு முதல் தடவையாக அவள் அப்பா வீட்டிலிருந்து தனியாக நடந்து வருகிற நாள். ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். போட்டுவிட்டு, கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தேன். இருட்டுகிற நேரத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வேர்த்து விறுவிறுத்து நின்றாள். கேள்வி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

"வர்ற வழியில என்ன பாத்தே?" என்றேன்.

என் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். இதில் சூது ஏதும் இருக்கிறதா என்று பார்த்திருப்பாள், வக்கீல் அல்லவா. பிறகு பையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். சாப்பாட்டை நான் இரண்டு தடவை சூடாக்க வேண்டியிருந்தது.