திருப்பாத பக்கம்

"காகிதத்த வீணாக்குறீங்களேன்னு புத்தகம் போட்ட கலியமூர்த்தி சார் பிரஸ்லயே சண்டைக்கு நின்னாராம், அண்ணி. முக்கால் பக்கத்த வெள்ளையா வுட்டா யாருக்குதான் வயிறு எரியாது?"

"உங்கண்ணன் கேட்டாத்தானே மாலதி? படிக்கிறவங்களுக்குத் திருப்பாம இருக்கவும் எடம் வேணும்னுட்டார்."

அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் மாடியில், நல்ல மத்தியான வெயிலில், நாத்தனாரின் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள் ஜான்சி. அவள் கணவன் ஆரோக்கியராஜ் மொழிபெயர்த்த நாவலை மாலதி மின்னூலாக்கி முடித்திருந்தாள். கடலுக்குப் போன கணவனுக்காகக் குளிர்தேசத்துப் பெண் ஒருத்தி காத்திருக்கும் கதை அது. 'மாடிப்படியில் ஈரக் கால்கள் ஏறி வந்தன' என்ற வரியோடு அச்சுப் புத்தகத்தின் வலப்பக்கம் நின்றுவிடும். மிச்சமெல்லாம் வெள்ளை. தாளைத் திருப்பினால்தான் கதவு திறக்கும். வந்தவன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விடுவான். பிறகு வரவே மாட்டான்.

புத்தகம் வெளிவந்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காலாறப் போனான் ஆரோக்கியராஜ். அன்றைக்குத்தான் கடல் ஊருக்குள் வந்தது. உடல் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்கான பூசைக்கு ஜான்சி இன்றுவரை அவன் பேரைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நாவலை எத்தனையோ முறை எடுத்தாள். ஒருமுறையும் அந்த வெள்ளையைத் தாண்டியதில்லை. தாளைத் திருப்பாதவரை அவன் படியேறிக்கொண்டேதான் இருப்பான். இது யாருக்கும் தெரியாது.

"என்ன மாலதி, ஒண்ணாங்கிளாஸ் பாடம் மாதிரி எழுத்து இவ்ளோ பெருசா இருக்கு?" என்று சிரித்தாள். திரையின் கடைசியில் ஈரக் கால்கள் வரி.

"கண்ணாடி போட்டவங்களுக்குன்னு வச்சேன். இருங்க, சின்னதாக்குறேன்."

எழுத்து சுருங்கியது. கீழே மறைந்திருந்த வரிகள் மளமளவென்று மேலேறி வந்தன. நடுவில் வெள்ளையே இல்லை.

"அந்த எடம்?"

"அதுவா? பாக்குறவங்க தப்புன்னு நெனப்பாங்களேன்னு எடுத்துட்டேன், அண்ணி."

ஜான்சி கண்ணை மூடிக்கொள்வதற்குள் கண் படித்துவிட்டது. 'கதவு திறந்தது.'

வெளியே மாடிப்படியில் சத்தம். செருப்பில்லாத கால்கள், ஒவ்வொரு படியிலும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

"மழைகூட இல்ல, யாரு இது இப்படி நனைஞ்சிக்கிட்டு?" மாலதி எழுந்தாள்.

ஜான்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாத. மொதல்ல உக்காந்து அந்த வெள்ளையத் திரும்பப் போட்டுடு, மாலதி."