பாசித்தண்ணியின் இரண்டாம் ஸ்பூல்

தகரக்கூரை என்ற ராக் குழு ஒரு காலத்தில் ஊரையே ஆட்டிவைத்தது என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். ஊருக்கு அது தெரியாது. அந்தக் குழுவிலிருந்து மூன்று பேர் தனியாகக் கிளம்பி, கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கில் ஒரு வாரம் தங்கி, மப்பும் மயக்கமுமாக எதையோ வாசித்துப் பதிவு செய்தார்கள். அதற்குப் பாசித்தண்ணி என்று பெயர் வைத்தார்கள். ஏனோ அதை வெளியிடவில்லை. அதைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. எப்படியோ கசிந்த ஒரு கேசட்டின் நகலுக்கு நகல்தான் முப்பது வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் மொத்தம் நூறு பேர் இருந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் மீதிப் பாதியோடு பேசுவதில்லை.

பேசுகிறவர்களில் மூன்று பேர் ஞாயிறு மதியம் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் கூடுவார்கள். கடைக்காரருக்கு ஜெராக்ஸ் என்றே பெயராகிவிட்டது. இரண்டாமவர் கணக்கு வாத்தியார். மூன்றாவது காதுக்காரி. காது கேளாதவர்களுக்கு மெஷின் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவள் தொழில்.

இரண்டு ஆண்களும் பைத்தியங்கள். அதில் ஒளிவு மறைவு இல்லை. காதுக்காரி வேறு ஒரு காரணத்துக்காக வந்துகொண்டிருந்தாள், அதை அவர்களிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பா காணாமல் போனார். அவர் ஒயரிங் வேலை பார்ப்பவர். கடைசியாக வேலை பார்த்த இடம் அந்தக் கிடங்குதான். ‘வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே போய்விட்டார்’ என்று அங்கே வாசித்த மூவரும் சொல்லிவிட்டார்கள். “புள்ளைக்கு மருந்து வாங்கிட்டு வர்றேன்னு போனவன், எவ கூடவோ போயிட்டான்” என்று அம்மா முப்பது வருடமாகச் சபித்துக்கொண்டிருக்கிறாள். அது பொய்யாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மகளின் ஆசை.

அன்றைக்கு ஜெராக்ஸின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. பழைய சாமான் கடையில், கிடங்கில் பதிவு செய்த நாடா சுற்றிய அசல் ஸ்பூலே கிடைத்துவிட்டது.

“இரண்டாவது ஸ்பூல்மா! நகல் இல்ல, தாய்!” என்றார். “டப்பாவை மோந்து பாருங்க.”

வாத்தியார் நிஜமாகவே மோந்து பார்த்தார்.

ஸ்பூல் ஓட்டும் மெஷினின் பெல்ட்டைக் காதுக்காரி போன வாரமே மாற்றியிருந்தாள். நாடாவைக் கோத்தாள். பாட்டு கிளம்பியது. பாசித்தண்ணியின் பெருமையே அதன் வேகம்தான். எருமை சேற்றில் நடப்பதுபோல அத்தனை மெதுவாக உலகத்தில் எவனும் வாசித்ததில்லை என்பது ரசிகர்களின் வேதம். வாத்தியார் அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்.

“இப்ப வரும் பாருங்க, அந்த உறுமல்” என்று கண்ணை மூடினார் வாத்தியார். “கூடவே கை மத்தளம். டும்... டும்... மனுஷன் வாசிக்கிற மாதிரியா இருக்கு?”

“உறுமல் கிடார்தான். தலைகீழா ஓட்டியிருக்காங்க” என்றார் ஜெராக்ஸ்.

“எத்தனை தடவை சொல்றது, அது கிடார் இல்லய்யா!”

பத்து வருடச் சண்டை. காதுக்காரி அதைக் கேட்கவில்லை. கேசட்டுகளின் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த ஒரு சத்தம் அசலில் சுத்தமாகக் கேட்டது. சுவர்க்கடிகாரம். டிக். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு டிக் விழுவதற்குள் இங்கே இரண்டு விநாடி போயிற்று.

டப்பாவைத் திருப்பினாள். ஓரத்தில் பென்சிலால் வேகம் எழுதியிருந்தது. மெஷினில் வைத்திருந்ததைப்போல இரண்டு மடங்கு.

“அண்ணே, இவ்வளவு நாளா நாம பாதி வேகத்துல கேட்டிருக்கோம். கேசட்டுக்கு ஏத்தினவனே வேகத்தைத் தப்பா வச்சிருக்கான்” என்றாள்.

“வேண்டாம்மா” என்று வாத்தியார் எழுந்தார். அதற்குள் அவள் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, விசையைத் திருப்பிவிட்டாள்.

பாட்டு சாதாரணப் பாட்டாகிவிட்டது. கல்யாணக் கச்சேரியில்கூட வாசிக்கலாம். பிறகு உறுமல் வர வேண்டிய இடத்தில் ஓர் ஆள் பேசினான். எதிரொலிக்காக உள்ளறையில் வைத்திருந்த மைக்கில் அது பதிவாகியிருந்தது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய கனத்த கதவு கொண்ட அறை அது என்று கேட்டுக்கொண்டிருந்த மூவருக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

“டேய், விளையாடாதீங்கடா. ஒயரு மாத்தியாச்சு. கதவைத் திறங்க.”

எங்கோ தூரத்தில் சிரிப்பு. கதவில் தட்டல்.

“இங்க ஏதோ காஸ் நாத்தம் அடிக்குது. மூச்சு முட்டுதுப்பா. வீட்ல புள்ளைக்குக் காய்ச்சல். மருந்து என் பையிலதான் இருக்கு. போகணும், திறங்கப்பா...”

தட்டல் நீண்டது, தளர்ந்தது. கடிகாரம் மட்டும் விநாடிக்கு ஒருமுறை ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பூல் முடிந்து, நாடாவின் நுனி சுழன்றது.

“அது எங்கப்பா” என்றாள் காதுக்காரி. அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது, இத்தனை ஞாயிறும் இதற்குத் தலையாட்டியிருக்கிறோமே என்று.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

“அப்போ அந்த மத்தளம்... அவர் கையா?” என்றார். “என்ன கைம்மா உங்கப்பாவுக்கு!”

“ஸ்பூலைக் குடுங்க. போலீஸுக்குப் போகணும்.”

“குடுக்கறேன்மா, குடுக்காம எங்க போறேன்” என்றார் ஜெராக்ஸ். ஆனால் அவர் கை ஸ்பூலை மூடிக்கொண்டிருந்தது. “உனக்கு நான் நகல் போட்டுத் தர்றேன். அசல் வெளிய போனா திரும்புமா? நீயே சொல்லு.”

அவர்களோடு மல்லுக்கு நிற்க அவளுக்குத் தெம்பில்லை. கதவோரம் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

“அம்மா, அப்பா ஓடிப்போகலம்மா.”

“இப்ப எதுக்குடி அந்த ஆள் பேச்சு? எவன் சொன்னான் உனக்கு?”

காதுக்காரியின் முதுகுக்குப் பின்னால் நாடா பின்னுக்கு ஓடி, விசை திரும்பும் சத்தம் கேட்டது. “ஒரே ஒரு தடவை, நம்ம வேகத்துல” என்று ஜெராக்ஸ் கிசுகிசுத்தார். உறுமல் மெல்ல எழுந்து அறையை நிறைத்தது. இருவரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

“என்னடி அது, பின்னாடி ஊளை?” என்றாள் அம்மா. “சகிக்கல. முதல்ல அதை நிறுத்தச் சொல்லு.”